நானோகுழாய்க்குள் இருக்கும் இரும்பு: பீம் பட்டு உருகியதா, நசுங்கியதா?

கரிக்குழல் எழுதியது:

வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம் இது, கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெரோசீனை (இரும்பு உள்ள ஒரு கரிமச் சேர்மம்) டொலுவீனில் கரைத்து உலையில் விட்டு எடுத்த பல சுவர் கார்பன் நானோகுழாய்கள், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கார்பன் குழல்கள், என்னிடம் இருக்கின்றன. உள்ளே இரும்பு அடைத்துக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் சிமென்டைட், அதாவது இரும்பு கார்பைடு. முதல் முறை டெம்மில் (எலெக்ட்ரான் கற்றையை, அதாவது பீமை, பொருளுக்குள் ஊடுருவ விட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி) பார்த்தது எங்கள் ஊரிலேயே, 200 கிலோவோல்ட், சாதாரண அறை வெப்பம். ஒரே குழாயை விடாமல் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழாய்ச் சுவரில் பென்சிலால் வரிசையாகக் கோடு போட்ட மாதிரி இருந்த அடுக்குகள் எல்லாம் மெல்ல மெல்ல நனைந்த செய்தித்தாள் போல ஊறிக் கலங்கிவிட்டன. உள்ளே இருந்த உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, பீம் சேதம் என்று நோட்டில் எழுதிவிட்டு விட்டுவிட்டேன்.

போன மாதம் வேறொரு இடத்தில் 300 கிலோவோல்ட் கருவியில் ஒரு ஸ்லாட் கிடைத்தது, மாதிரியைப் பிடித்துச் சூடேற்றும் ஹோல்டரோடு. 600 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்தேன். இந்த முறை சுவர் அடுக்குகள் கடைசி வரை கலங்கவே இல்லை, ஆனால் பீம் பட்ட இடத்தில் குழாய்க்கு இடுப்பு விழ ஆரம்பித்தது! உள்ளே 9 நானோமீட்டர் இருந்த உலோகம் 7 ஆனது, 5 ஆனது, கடைசியில் 3-க்கு வந்து படக்கென்று அறுந்து இரண்டு பக்கமும் விலகிப் போய்விட்டது. பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கின மாதிரிதான். இன்னொன்று, ஒரு துண்டின் முனையில் சின்னதாகக் குல்லா போட்டது போல இரண்டு அடுக்குக் கார்பன் முளைத்திருந்தது. ஆரம்பத்தில் எடுத்த படத்தில் அது இல்லை.

என் கைடு படத்தைப் பார்த்ததும், "பீம் சூட்டில் இரும்பு உருகி ஓடியிருக்கிறது, இதில் என்ன அதிசயம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் அறுகிற வரைக்கும் உலோகத்தில் படிகக் கோடுகள் (அணு வரிசைகள் படத்தில் கோடாக விழுவது) தெரிந்துகொண்டே இருந்தன. உருகியிருந்தால் கோடு எப்படித் தெரியும்? ஆனால் அவரிடம் வாதாட என்னிடம் கணக்கு இல்லை. யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் பேச வேண்டும்.

---

பழைய_லென்ஸ் எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்தது உருகல் இல்லை, நசுக்கல். உங்கள் இரும்பைப் பீம் கிட்டத்தட்ட தொடவே இல்லை. பீம் குழாயை அடித்தது, குழாய் இரும்பை நசுக்கியது. அவ்வளவுதான் கதை, ஆனால் விவரமாகச் சொல்கிறேன்.

எலெக்ட்ரான் ஒரு அணுவின் கருவில் நேராக மோதினால் எவ்வளவு ஆற்றல் கைமாறும் என்பது அந்த அணுவின் எடையைப் பொறுத்தது. கோலிக்குண்டை எறிந்து இன்னொரு கோலியைத் தள்ளலாம், அம்மிக்கல்லைத் தள்ள முடியுமா? அதே வேகத்தில் வரும் எலெக்ட்ரான் லேசான கார்பனுக்கு நிறையக் கொடுக்கும், கனமான இரும்புக்குக் கொஞ்சம்தான் கொடுக்கும். 300 கிலோவோல்ட்டில் கார்பனுக்கு அதிகபட்சம் 71 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போகும், இரும்புக்கு 15. கார்பன் அணுவை அந்தத் தேன்கூட்டு வலையிலிருந்து பெயர்த்தெடுக்க 17 முதல் 20 வரை இருந்தால் போதும், ஆக மூன்று நான்கு மடங்கு மிச்சம் இருக்கிறது. இரும்புக்கு, மிகவும் இளகிய திசையில் அடித்தாலும், 17-ஐ ஒட்டி வேண்டும். திசைகளின் சராசரி எடுத்தால் 40 என்றுதான் எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். 15-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் 200 கிலோவோல்ட் கருவியில் இன்னும் மோசம், கார்பனுக்கு 44, இரும்புக்கு வெறும் 9.

அப்படியானால் முதல் முறை ஏன் கலங்கியது, இரண்டாம் முறை ஏன் இறுகியது? வெப்பம்தான். அணு பெயர்ந்தால் ஒரு காலியிடம் உண்டாகிறது, பெயர்ந்த அணு அடுக்குகளுக்கு நடுவிலோ குழாய்க்கு உள்ளேயோ அலைகிறது. சுமார் 300 டிகிரிக்குக் கீழே இந்தக் காயங்கள் ஆற நேரமில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து சுவரே உருக்குலைந்து போகிறது. அதுதான் உங்கள் நனைந்த செய்தித்தாள். அதற்கு மேலே போனால் வலை தன்னைத்தானே மறுபடி பின்னிக்கொள்கிறது. ஆனால் அணு குறைந்துபோன இடத்தில் பின்ன வேண்டுமே! கிழிந்த சட்டைக்கு ஒட்டுத் துணி போடாமல் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? கிழிசல் தெரியாது, சட்டை இறுகிவிடும். இதை நிமிடத்துக்கு நிமிடம், அடுக்குக்கு அடுக்கு செய்துகொண்டே போனால் குழாய் சுருங்குகிறது. வெறும் குழாயாக இருந்தால் சும்மா ஒல்லியாகும். உள்ளே உலோகம் இருந்தால் அதன்மேல் அழுத்தம் ஏறும்.

இது புதிதும் இல்லை. 1992-லேயே உகார்த்தே, பலமான எலெக்ட்ரான் கற்றையில் கார்பன் துகள்கள் வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சுருண்டுகொள்வதைக் காட்டினார். 1996-ல் பான்ஹார்ட்டும் அஜயனும் அந்த வெங்காயத்தைச் சூடாக வைத்து பீமில் காட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி நடுவில் வைரம் உருவாகிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். (அஜயன் நமக்குப் பக்கத்து மாநிலம், கேரளத்துக்காரர். சும்மா சொல்லி வைக்கிறேன்.) அதே ஆட்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து 2006-ல் சயன்ஸ் இதழில் போட்டது அப்படியே உங்கள் சோதனைதான்: உள்ளே இரும்பு கார்பைடு அல்லது கோபால்ட் அடைத்த பல சுவர்க் குழாய், சூட்டில் பீம், குழாய் சுருங்கி உள்ளே இருக்கிற திடப்பொருளைப் பிதுக்கி, இழுத்து, அறுத்துவிடுகிறது. கணினி மாதிரியில் உள்ளழுத்தம் 40 கிகாபாஸ்கலைத் தாண்டலாம் என்று கண்டார்கள். ஏறக்குறைய 4 லட்சம் வளிமண்டல அழுத்தம். பூமிக்குள் 1,000 கிலோமீட்டர் தோண்டிப் போனால் இருக்கிற அழுத்தம் அது. அதை நீங்கள் ஒரு கிரிட்டின் (மாதிரியைத் தாங்கும் சின்ன உலோக வலை) மேல் உட்கார்ந்திருக்கிற, கண்ணுக்கே தெரியாத குழாயில் பார்த்திருக்கிறீர்கள். கைடு அதிசயம் இல்லை என்று சொன்னால் நான் என்ன சொல்ல.

---

உலைவாசல் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன முடிவு எனக்கும் சம்மதம், ஆனால் கைடை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். நான் உலோகக் காரன், அணு உலைகளில் எஃகு நியூட்ரான் பட்டு எப்படி வீங்குகிறது என்பதில்தான் என் பிழைப்பு, அதனால் "கதிர் பட்டது, ஆகவே சேதம்" என்று கேட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அவர் உருகல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனி இரும்பு 1538 டிகிரியில் உருகும், ஆனால் கார்பனோடு சேர்ந்தால் 1147-லேயே திரவம் வந்துவிடும், வார்ப்பிரும்பு வேலை செய்கிற எவருக்கும் தெரிந்தது. அப்புறம் சில நானோமீட்டர் அளவுத் துகளுக்கு உருகுநிலை இன்னும் இறங்கும். ஹோல்டர் ஏற்கெனவே 600-ல் இருக்கிறது. பீம் கூடுதலாகச் சில நூறு டிகிரி ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே கேள்வி நியாயமானது: பீம் எவ்வளவு சூடேற்றும்?

கணக்கு இப்படி. 200 கிலோவோல்ட் எலெக்ட்ரான் ஒன்று கார்பனுக்குள் ஒரு நானோமீட்டர் போவதற்கு இழப்பது சராசரியாக அரை எலெக்ட்ரான் வோல்ட்தான், இரும்பில் அதைப்போல மூன்று மடங்கு. அதாவது 2 லட்சம் கொண்டுவந்து, 20 நானோமீட்டர் தடிமன் உள்ள பொருளில் முப்பதைக்கூடச் செலவழிக்காமல் மறுபக்கம் போய்விடுகிறது. 300-ல் இன்னும் குறைவு. அந்தக் கொஞ்ச சூட்டையும் நானோகுழாய் நீளவாக்கில் நன்றாகக் கடத்திக் கொண்டுபோய்விடும். ஆனால் இங்கேதான் ஒரு "ஆனால்". குழாய் இரண்டு பக்கமும் கிரிட்டில் நன்றாக ஒட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. காற்றில் ஆடும் கொடி போல ஒரு முனையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அதுவும் ஒட்டிய இடம் அழுக்கான கார்பனாக இருந்தால், எனக்கு உறுதி இல்லை. கரிக்குழல், உங்கள் குழாய் எப்படி இருந்தது?

படிகக் கோடு தெரிந்தது நல்ல சாட்சிதான், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. கேமராவில் ஒரு படத்துக்கு அரை நொடி, ஒரு நொடி எடுத்திருப்பீர்கள், நடுவில் உருகி மறுபடி உறைந்தது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். சோதனை செய்யுங்கள். ஒன்று, அதே 600 டிகிரியில் பீமை மூடிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள், பிறகு திறந்து ஒரே ஒரு படம் எடுங்கள். இடுப்பு மாறவில்லை என்றால் ஹோல்டர் சூடு மட்டும் காரணம் இல்லை. இன்னொன்று இதைவிடக் கூர்மையானது, வோல்டேஜை 80-க்கு இறக்குங்கள். 80-ல் கார்பனுக்குப் போகிற உச்ச ஆற்றலே 16-க்குள்தான், பெயர்க்கப் போதாது. ஆனால் எலெக்ட்ரான் மெதுவாக வருவதால் சூடேற்றுவது 300-ஐவிட அதிகமாகத்தான் இருக்கும். சூடுதான் காரணம் என்றால் 80-ல் இன்னும் சீக்கிரம் அறுந்துபோக வேண்டும். அடிதான் காரணம் என்றால் ஒன்றும் நடக்கக் கூடாது.

என் பக்கத்து வேலையோடு ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். உலையில் ஒரு வேக நியூட்ரான் எஃகில் மோதினால் முதல் அணுவுக்கே பல ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கும், அது போய் நூற்றுக்கணக்கான அணுக்களை இடித்துத் தள்ளும், கல்யாணப் பந்தலில் நாற்காலி அடுக்கு சரிந்த மாதிரி. உங்கள் எலெக்ட்ரான் அப்படி இல்லை, ஒரு அடிக்கு ஒரு அணு, அதிகம் போனால் இரண்டு. அதனால்தான் இவ்வளவு நிதானமாக, கண்ணால் பார்த்துக்கொண்டே சுருக்க முடிகிறது. பொறாமையாக இருக்கிறது.

---

கரிக்குழல் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சட்டை உதாரணம் அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது.

@உலைவாசல் அண்ணா, படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். குறைந்த உருப்பெருக்கத்தில் எடுத்தது ஒன்று இருக்கிறது. குழாய் கிரிட்டின் ஓட்டையைக் குறுக்காகக் கடக்கிறது, இரண்டு முனையும் கார்பன் படலத்தின் மேல் படுத்திருக்கிறது. இன்னொரு விஷயமும் கவனித்தேன். பீமைக் குவித்தது சுமார் 50 நானோமீட்டர் அகலத்தில்தான். அதே உலோகக் கம்பி பீமுக்கு வெளியே இன்னும் 200 நானோமீட்டர் போகிறது, அங்கே அகலம் கொஞ்சம்கூட மாறவில்லை. உருகியிருந்தால் சூடு உலோகம் வழியாகவே அங்கேயும் போயிருக்காதா?

அந்தக் குல்லாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

பழைய_லென்ஸ் எழுதியது:

இரண்டு முனையும் படுத்திருக்கிறது என்றால் சூட்டு வாதம் பாதி செத்துவிட்டது. வெளியே அகலம் மாறாததை மட்டும் பெரிய சாட்சியாக நீட்டாதீர்கள், உருகினாலும் குழாய் சுருங்காத இடத்தில் அகலம் ஏன் மாறப் போகிறது? நடுவில் பிதுங்கியது எங்கே போனது என்று பாருங்கள், கம்பியின் மறுமுனை தள்ளிப் போயிருக்க வேண்டும். அதை அளந்தீர்களா? நடுவில் குறைந்த கன அளவும் முனையில் கூடின கன அளவும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் ஸ்லைடு.

---

மல்லிகைக்_கரி எழுதியது:

குல்லாவைப் பற்றி நான் சொல்கிறேன், இந்த இழையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பெயர்ந்த கார்பன் அணு எல்லாம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? கொஞ்சம் வெளியே பறந்துவிடும், கொஞ்சம் உள்பக்கமாக அடிபட்டு உலோகத்துக்குள் புகுந்துவிடும். இரும்பு கார்பனைக் கொஞ்சம்தான் ஏற்றுக்கொள்ளும், வயிறு நிறைந்ததும் எங்காவது கக்கியாக வேண்டும். சுவர்ப் பக்கம் இடமில்லை, காலியாக இருப்பது முனைதான். அங்கே குவிந்து முதலில் குல்லா, விட்டால் அதுவே நீண்டு குழாய்க்குள் புதுக் குழாயாக வளரும். 2007-ல் நேச்சர் நானோடெக்னாலஜியில் ரொட்ரிகெஸ்-மான்சோ குழுவினர் இதையே செய்து காட்டினார்கள், இரும்பு, கோபால்ட், நிக்கல், இரும்பு-கோபால்ட் கலவை நான்கிலும். பான்ஹார்ட் அதிலும் உண்டு. நானோகுழாய் எப்படி முளைக்கிறது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, திடமாகவே இருக்கிற உலோகப் படிகத்திலிருந்து அது வெளியே வருவதை நேரடியாகப் படம் பிடித்தது பெரிய விஷயம். உங்கள் கைடுக்கு இதையும் காட்டுங்கள், உலோகம் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

இப்போது உலைவாசல் சாருக்கு ஒரு சின்னக் குட்டு. 80 கிலோவோல்ட் என்றால் கார்பனுக்கு ஒன்றும் ஆகாது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். அது குறையில்லாத சுவருக்கு மட்டும்தான். சுவரில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் ஓட்டையின் ஓரத்து அணுக்களைப் பெயர்க்கக் குறைந்த ஆற்றலே போதும். அதைவிட முக்கியம், சுவரை ஒட்டி உலோகம் இருந்தால் அது வேதியியல் வேலை செய்யும். டிஸ்ப்ரோசியம் என்கிற உலோகத்தை அடைத்த ஃபுல்லரீன்களை (பந்து போன்ற கார்பன் கூடுகள்) ஒற்றைச் சுவர்க் குழாய்க்குள் வைத்து 80-ல் பார்த்தபோது, உலோக அணுக்கள் ஃபுல்லரீன்களை ஒன்றோடொன்று சேர வைத்து, கடைசியில் குழாய்ச் சுவரையே கிழித்துவிட்டன. பீம் நெருப்புக்குச்சி, உலோகம் மண்ணெண்ணெய். ஒற்றைச் சுவரில் அது உடனே தெரிந்துவிடும். உங்களுடையது பதினைந்து இருபது சுவராக இருக்கும், உள்சுவர் ஒன்றிரண்டு சாப்பிடப்பட்டாலும் வெளியே தெரியாது. ஆகவே 80 சோதனையில் "ஒன்றும் நடக்கக் கூடாது" என்று எதிர்பார்க்காதீர்கள், "இடுப்பு விழக் கூடாது" என்று எதிர்பாருங்கள்.

இன்னொரு நடைமுறை விஷயம். குழாயின் வெளி விட்டத்தை அளக்கும்போது ஏமாறாதீர்கள். டெம்மின் உள்ளே, பீம் வருகிற குழலுக்குள், ஹைட்ரோகார்பன் அழுக்கு இருந்தால் பீம் பட்ட இடத்தில் கார்பன் வெளியே படிந்து குழாய் பருத்துக்கொண்டே போகும், உள்ளே சுருங்குகிறது, வெளியே பருக்கிறது, இரண்டும் சேர்ந்து மண்டை காயும். 600-ல் அது பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் உங்கள் அறை வெப்பப் படங்களில் கட்டாயம் இருக்கும். அடுக்குகளை எண்ணுங்கள், விட்டத்தை நம்பாதீர்கள்.

---

சும்மா_பார்க்கிறவன் எழுதியது:

எல்லாம் சரி, இதனால் யாருக்கு என்ன பயன்? கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாது.

---

மல்லிகைக்_கரி எழுதியது:

கேலியாகவே கேளுங்கள், தப்பில்லை. நாளைக்கே கடையில் வாங்குகிற பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் உலோகமும் நானோகுழாயும் சந்திக்கிற மூட்டு எப்படி இருக்கிறது என்பது மின் இணைப்புக்கு முக்கியம், பீமை வைத்து அந்த மூட்டையே உருவாக்கலாம் என்று 2009-ல் காட்டினார்கள். சின்னப் படிகத்தை மிகப் பெரிய அழுத்தத்தில் வைத்து நேரில் பார்க்க வேறு வழியும் அவ்வளவாக இல்லை, வைர அமுக்கியை (இரண்டு வைர முனைகளுக்கு நடுவே பொருளை நசுக்கும் கருவி) டெம்முக்குள் நுழைக்க முடியாதே. அப்புறம் உள்ளே உலோகம் அடைத்த குழாய் என்றால் என் மனம் போவது வேறு ஒன்றுக்கு: 2002-ல் ஜப்பானின் சுகுபாவில் காவ், பாண்டோ இருவரும் குழாய்க்குள் திரவ காலியம் அடைத்து அதையே வெப்பமானியாக்கினார்கள். அகலம் 75 நானோமீட்டர், நீளம் 10 மைக்ரோமீட்டர், 50 முதல் 500 டிகிரி வரை காலியம் ஒரே சீராக ஏறி இறங்கியது. காய்ச்சல் பார்க்கிற பாதரசக் கண்ணாடிக்குழல் மாதிரியேதான். அதையும் டெம்முக்குள்தான் படித்தார்கள். பீம் கண்டபடி சூடேற்றியிருந்தால் அந்த அளவீடே சீராக வந்திருக்காது. உலைவாசல் சார் இதை வெப்ப வாதத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

---

உலைவாசல் எழுதியது:

சேர்த்துக்கொண்டேன் அம்மா. 80 விஷயத்தில் குட்டும் வாங்கிக்கொண்டேன்.

---

கரிக்குழல் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் பாதி நாள் ஸ்லாட் கிடைத்தது.

80 சோதனை நடக்கவில்லை. அந்தக் கருவியை 300-க்கும் 200-க்கும் மட்டும்தான் சரிசெய்து வைத்திருக்கிறார்கள், 80-க்கு இறக்கினால் மறுபடி அலைன் செய்ய ஒரு நாள் போகும் என்று ஆபரேட்டர் கையை விரித்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். முடியாது என்றால் முடியாதுதான்.

பீமை மூடும் சோதனை செய்தேன். 600 டிகிரி, இடுப்பு 6.2 நானோமீட்டருக்கு வந்ததும் மூடிவிட்டு 40 நிமிடம் வெளியே போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து ஒரே படம், 6.2, அப்படியே. திறந்து வைத்த பிறகு 7 நிமிடத்தில் 4.5. கம்பியின் மறுமுனை 38 நானோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. குழாய் வட்டமாக இருக்கிறது என்று வைத்துக் கன அளவு போட்டால் நடுவில் குறைந்ததில் பத்தில் ஒன்பது பங்கு முனையில் கிடைத்துவிட்டது. மிச்சம் என் அளவீட்டுப் பிழையா, இன்னொரு பக்கம் போனதா தெரியவில்லை, அந்தப் பக்க முனை படத்துக்கு வெளியே இருந்தது. குல்லா இந்த முறையும் வந்தது, மூன்று அடுக்கு.

கைடிடம் ஸ்லைடைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். 40 நிமிடப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "அந்த இன்னொரு முனையையும் சேர்த்துப் படத்துக்குள் கொண்டுவந்து ஒன்று எடு, அப்புறம் எழுத ஆரம்பி" என்றார். அடுத்த ஸ்லாட் 23-ஆம் தேதி.